சாருகாவின் சீன மண்டபம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கொஞ்சம் கௌரவமான இடத்தில் பிறந்ததாகக் காட்டத்தான் முதலில் முயன்றேன். வரலாறு பற்றி ஒரு முன்னுரை, ஓவியம் பற்றி ஒன்று, அகதி வாழ்க்கை பற்றி இன்னொன்று என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் பொய்ச் சாதகங்கள். அழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். என் மனைவி சாருகா போன வருட வசந்தத்தில் ஆஸ்திரியாவுக்குப் போனாள். அங்கே பேரரசர்கள் உலாவிய பழைய பூங்கா ஒன்றில், சீனப் பாணியில் கட்டிய ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் உட்சுவர் ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்றும் குழுவில் அவளும் ஒருத்தி. மூன்று மாதம். நான் ஒஸ்லோவில், ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டில் இருந்தேன்.

பூங்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே தேடிப் படம் பார்த்துவிடுவீர்கள். நான் கண்ணால் காணாததை என் வாசகர் எனக்கு முன்பே காண்பது அப்போது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதும் பெரிதாகப் பொறுக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் நிருஜன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். தமிழில் கதை எழுதுகிறேன். ஹொல்ம்லியாவில் இருக்கும் அருளானந்தன் அண்ணை ஓர் இணைய இதழ் நடத்துகிறார். என் கதைகள் அதில்தான் வரும். அதன் வாசகர்கள் அனேகமாகக் கலியாண வீடுகளில் ஒருவரையொருவர் சந்திப்பவர்கள். இது முக்கியம். பின்னால் தேவைப்படும்.

சாருகா ஒஸ்லோவிலேயே பிறந்தவள். ஓர் அருங்காட்சியகத்தில் கொன்சர்வாட்டர். பழைய ஓவியங்களும் நிறம் பூசிய மரமும் சிதையாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. உதிரப் பார்க்கும் ஒரு பொட்டு நிறத்தை ஊசி முனையளவு பசையால் பழைய இடத்தில் ஒட்டவைப்பாள். அந்தப் பொறுமை வீட்டில் எனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. நிறையக் கிடைத்தது அந்த மண்டபத்துக்கு.

2

மண்டபத்தை வைத்து முதலில் எழுதிய கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

«பேரரசியின் மண்டபத்துக் கூரையில் மழை பெய்தபோது மீரா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி —»

மீரா என்பது அந்தக் கதையில் சாருகா. இதைக் கைவிட்டேன். அன்று மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அந்த ஊரின் வானிலையைக் கைப்பேசியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் கைவிட்டேன்.

«சாரத்தில் ஏறி நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.»

[இதை அருளானந்தன் அண்ணை அடித்தார். கட்டட வேலைக்குக் கட்டும் மரத்தட்டுக்கு நல்ல தமிழ் சாரம்தான். ஆனால் யாழ்ப்பாண வாசகருக்குச் சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் கட்டும் துணி. ஒரு பெண் அதில் ஏறி நிற்பது எப்படி என்று தொலைபேசியில் கேட்டார். இனிமேல் பலகைத் தட்டு என்றே எழுதுகிறேன்.]

«அவர்கள் இருவரும் சிரித்தார்கள்.»

இதில் நிலைத்துவிட்டேன். பொறாமைக்காரனுக்கு இதைவிடச் சிறந்த முதல் வரி அமையாது.

3

சிரிப்பு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு தென்னைமரத்திலிருந்து.

மண்டபம் எட்டுப் பக்கம் கொண்டது. செப்புக் கூரை, ஓரங்களில் தொப்பி விளிம்புபோல மேலே வளைந்திருக்கும். உச்சியில் தங்கப்பூச்சில் ஒரு டிராகன் உண்டு. அது நீந்தி வந்த நாயைப்போலத் தெரியும் என்று சாருகா சொன்னாள். சீனாவைக் காணாத ஒரு பேரரசிக்கு, சீனாவைக் காணாத கட்டடக்காரர், சீனாவைக் காணாத ஓவியர்களை வைத்துக் கட்டிக்கொடுத்தது. பேரரசி அங்கே தேநீர் குடித்தாளாம். உள்ளே பலகை பலகையாகக் குடை பிடித்த மனிதர்கள், பாலங்கள், குரங்குகள். சீனா முடிந்ததும் ஓவியருக்கு இன்னும் சுவர் மிஞ்சியிருக்கிறது, இந்தியாவையும் வரைந்துவிட்டார். தலைப்பாகை கட்டிய கறுத்த மனிதர் ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு தென்னை.

போன புதிதில் ஒருநாள் சாருகா வீடியோவில் அந்தப் பலகையை எனக்குக் காட்டினாள். தென்னையின் ஒவ்வோர் ஓலை நுனியிலும் ஒரு தேங்காய் தொங்கியது, திராட்சைக் குலைக்குத் தனித்தனிக் காம்பு வைத்ததுபோல. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஹவுகெட்டோவுக்கும் அந்தப் பூங்காவுக்கும் நடுவில் தூரமே இல்லாததுபோல் இருந்தது.

பிறகு அவள் சொன்னாள், “நான் கவனிக்கவே இல்லையப்பா. இளமாறன்தான் காட்டினவர். காலமையெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சனாங்கள்.”

அப்படியென்றால் எனக்குக் கிடைத்தது மிச்சச் சிரிப்பு. காலையிலேயே சிரித்து முடித்ததை மாலையில் எனக்குச் சூடாக்கித் தந்திருக்கிறாள்.

4

இளமாறன் என்ற பாத்திரம் எனக்குக் கடைசிவரை சரிவரவில்லை.

உண்மையான இளமாறன் திருச்சிக்காரர். லில்லெஸ்ட்ரோமில் மனைவி பிரபாவதியுடன் இருக்கிறார். ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஓவியத்தைத் தொடாமலே கதிர் பாய்ச்சி, எந்த நிறத்துக்குள் எந்த உலோகம் இருக்கிறது என்று சொல்லும் கருவி ஒன்று அவர் வசம் இருக்கிறது. மண்டபத்துக்கு அவரும் போவதும் வருவதுமாக இருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்ட மறந்துவிடும் மனிதர். நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவரைப் பற்றிப் பொறாமைப்படுவது சுலபம்.

அவரும் பிரபாவதியும் முன்பு ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் “சாப்பிட்டிட்டு ஆறுதலாக் கதைப்பம்” என்றேன். இளமாறன் சிரித்தார். தங்கள் ஊரில் ஒருவர் கதை விடுகிறார் என்றால் பொய் சொல்கிறார் என்று அர்த்தமாம். நீங்கள் எல்லோரும் நாள் முழுக்கக் கதைக்கிறீர்களே, எதை நம்புவது என்றார். பிரபாவதி அவர் கையில் தட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

முதல் வரைவில் அவரை அழகனாக எழுதினேன். பொறுக்கவில்லை. அடுத்ததில் தலைமயிரைக் குறைத்தேன். அதற்கடுத்ததில் தொப்பை வைத்தேன். அப்படிப்பட்டவனிடம் மீரா எப்படி மயங்குவாள் என்ற கேள்வி வந்ததால் மயிரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து ஸ்ட்ரோம்மனில் ரயில் ஏறினேன். உள்ளே இளமாறன் இருந்தார். வார இறுதிக்கு வந்திருந்தார். மண்டபத்து வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். நன்றாகப் போகிறது, ஆனால் நேரம்தான் போதவில்லை என்றார். “அங்க நாலு மணிக்கெல்லாம் வேலைய முடிச்சிடுவாங்க ப்ரோ. எல்லாரும் கிளம்பிடுவோம்.”

சாருகாவை ஆறு மணிக்கு முன் தொலைபேசியில் பிடிக்க முடியாது. ஆறு மணிவரை வேலை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

குற்றமுள்ளவர் தானாக வந்து இப்படி வாயைவிடுவாரா? மாட்டார். எந்தப் புருஷனுக்கும் அந்த இடத்தில் மனம் ஆறியிருக்கும். நான் கதை எழுதுபவன். பாத்திரம் உயிரோடு இருக்கவேண்டுமானால் அவன் சந்தேகம் வராதபடி இப்படித்தான் பேசுவான் என்று எனக்குத் தோன்றியது. ரயில் ஒஸ்லோவுக்கு வருவதற்குள் அந்த இரண்டு மணி நேரத்தை நான் நிரப்பி முடித்துவிட்டேன்.

சாருகாவிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு பதில் வந்திருக்கும். பதில் வந்தால் கதை போய்விடும். இதை எழுதும்போதுதான் இந்த வாக்கியம் எவ்வளவு கேவலமானது என்று தெரிகிறது. அழிக்காமல் விடுகிறேன்.

5

சாருகா கோடையில் திரும்பி வந்தாள். நான் நன்றாகத்தான் வரவேற்றேன். அவள் பெட்டியிலிருந்து உடுப்புகளை எடுத்துக் கழுவப் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இலையுதிர்கால இதழுக்குக் கதை கேட்டு அருளானந்தன் அண்ணை தொலைபேசி எடுத்தார். அனுப்பினேன். சாருகா மீரா ஆனாள். இளமாறனுக்குக் கிருஷ்ணசாமி என்று பெயர் வைத்தேன். அது எங்கள் பெரியப்பா காலத்துப் பெயர், காதலுக்கு உதவாது என்று நினைத்தேன். கதை இப்படிப் போகும்: நாலு மணிக்கு எல்லோரும் போனபின் கிருஷ்ணசாமி மண்டபத்தின் கதவை உள்ளிருந்து சாத்துகிறான். குடை பிடித்த மனிதர்களும் குரங்குகளும் பார்த்துக்கொண்டிருக்க இருவரும் ஒருவரையொருவர் —

வேண்டாம். அது இன்னும் இணையத்தில் கிடக்கிறது.

அண்ணை வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். நான் எழுதியவற்றில் இதுதான் ஆகத் திறம் என்றார். யாரைப் பற்றியது என்று கேட்கவில்லை. அவர் எதையும் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. அதை அப்போதே கவனித்தேன். ஆனால் ஆகத் திறம் என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்தது.

சாருகா வாசிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாள். என் கதைகளை நான் வாயால் சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள். இதை மட்டும் நான் சொல்லவில்லை.

[ஒரு கணக்கை நான் போடவேயில்லை. நோர்வேயில் தமிழைத் தண்ணீர் குடிப்பதுபோல வாசிப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும்தான்.]

6

பனி கொட்டத் தொடங்கிய ஒரு பகலில், கண் பரிசோதனைக்கு வருவோரின் வரிசையில் பிரபாவதியின் பெயரைக் கண்டேன். தெரிந்தவர் என்று என்னிடமே வருகிறாள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

பரிசோதனை அறையை இருட்டாக்கித்தான் கண் பார்ப்போம். வந்தவரின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நான் இருப்பேன். வில்லைகள் மாற்றும் கருவியை அவள் கண்களுக்கு முன் இறக்கி, வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு போனேன். முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா. அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசி வரிசை எழுத்துகளையும் வாசித்தாள். குரல் மட்டும் வேறுமாதிரி இருந்தது.

கருவியை விலக்கப் போனேன். அவள் கையை உயர்த்தி, விலக்கவேண்டாம் என்றாள். அதற்குப் பின்னால் அவள் கண்கள் எனக்குத் தெரியவில்லை.

“அந்தக் கிருஷ்ணசாமி என் வீட்டுக்காரர்தானே அண்ணா?”

நான் கற்பனை என்றேன்.

“மேல் பட்டன் போட மறந்துடுவான்னு எழுதியிருக்கீங்க. அது கற்பனை இல்ல. சரி, மிச்சம்? கற்பனைன்னா என்ன அர்த்தம்? நடக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல நடந்துச்சா இல்லயான்னே தெரியாதா?”

இந்தக் கேள்வியை எந்த விமர்சகரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த அறையில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கண்ணில் நோய் இருந்தால் இருக்கிறது என்றுதான் சொல்வோம்.

“தெரியாது” என்றேன்.

அவள் கருவியைத் தானே தள்ளிவிட்டாள். கண்கள் நனைந்திருந்தன; ஆனால் அழவில்லை. மெல்லிய குரலில், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கலியாணமான நாளிலிருந்து அவள் கணவருடைய கைப்பேசியைத் தொட்டதில்லையாம். கதை வாசித்த பிறகு தொட்டாளாம். அவர் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தாளாம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் அழித்திருப்பார் என்று தோன்றியதாம். அவரிடம் கேட்டபோது முதலில் சிரித்தாராம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாராம். இந்த ஊரில் தாங்கள் கதவைத் தட்டிப் போகக்கூடிய வீடுகள் இரண்டோ மூன்றோதான், அதில் ஒன்று உங்கள் வீடு என்றாள்.

“அதே இடத்துல எழுதுங்க. அது பொய்னு எழுதுங்க.”

எழும்பி மேலங்கியைப் போட்டாள். கண்ணில் ஏதாவது குறை இருக்கிறதா என்று போகும்போது கேட்டாள். குறை எதுவும் இல்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் எனக்கு வந்த எண்ணத்தையும் சொல்ல வேண்டும். நான் எழுதியதை ஒருத்தி இவ்வளவு நம்பியிருக்கிறாளே என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். ஒரு கணம்தான். ஆனால் பட்டேன்.

7

இளமாறனின் அழைப்பு அந்த வாரமே வந்தது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

மண்டபத்து வேலையின் அடுத்த கட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். கருவியை இயக்க வேறு ஒருவர் போவாராம். பிரபாவதி அதைக் கேட்கவில்லை, தானே எடுத்த முடிவு என்றார். இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஏற்றாரா என்று தெரியாது. வைக்கும் முன் சொன்னார்:

“கதை நல்லாத்தான் இருந்துச்சு ப்ரோ. அந்த ஆள்தான் உயிரில்லாம இருந்தான். நீங்க அவன ஒருநாளும் கவனிச்சுப் பார்க்கல. அவ பின்னாடி நிக்கிற நிழலாத்தான் பார்த்திருக்கீங்க.”

சரியான விமர்சனம். அதனால் இன்னும் எரிந்தது.

8

பிறகு சாருகா.

யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கலியாண வீட்டில் யாரும் சொல்லியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். திரையில் என்ன என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்தேன்.

நிமிராமல் கேட்டாள், “‘தழுவல்’ எண்டா என்ன?”

சொன்னேன். நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அந்த மொழியில் அது சாதாரணச் சொல்லாகக் கேட்டது.

கொஞ்சம் கழித்து, “‘சோரம்’?”

அதற்கு எனக்கு நோர்வேஜியச் சொல் தெரிந்திருந்தும் தெரியாது என்றேன். அவள் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மீண்டும் விரலை அதே வரியில் வைத்தாள். இப்படி முழுக் கதையையும் வாசித்தாள். நான் எழுதிய எதையும் யாரும் இத்தனை கவனமாக வாசித்ததில்லை. உதிரும் நிறத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள்.

முடித்ததும் மடிக்கணினியை மூடினாள்.

“நாலுக்கும் ஆறுக்கும் இடையிலை நான் என்ன செய்தனான் எண்டு உமக்குத் தெரியவேணும். அப்பிடித்தானே?”

நான் ஓம் என்றேன்.

“தனிய இருந்தனான்.”

நாலு மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள், கதவின் திறப்புச் சாவி அவளிடம் இருக்கும். அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பாளாம். வேலை செய்வதில்லை. சில நாள் படுத்துக்கிடப்பாளாம், சில நாள் சும்மா இருப்பாளாம். கைப்பேசியை நிறுத்திவிடுவாளாம். ஆறு மணிவரை வேலை என்று என்னிடம் சொன்னது பொய்தான் என்றாள்.

ஏன் பொய் சொன்னீர் என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனே என்றேன்.

“விட்டிருப்பீர். பிறகு ஒவ்வொரு நாளும் இண்டைக்கு என்ன யோசிச்சனீர் எண்டு கேட்டிருப்பீர். என்னட்டை அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, நிருஜன். நான் சந்தோசமா இருந்தனான்.”

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு.

வாசகரே, நீங்கள் இப்போது நிம்மதிப் பெருமூச்சு விடலாம். இன்னொருவன் இல்லை. நானும் விட முயன்றேன். வரவில்லை. இளமாறன் இருந்திருந்தால் அவரோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயரம், சம்பளம், சிரிப்பு என்று எதையாவது பிடித்துக்கொள்ளலாம். என் மனைவி ஒருவரும் இல்லாமல், நானும் இல்லாமல், சந்தோசமாக இருந்த இரண்டு மணி நேரத்தோடு நான் எதை ஒப்பிடுவது?

அன்று மாலை அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அடுத்த கட்ட வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருடம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். சம்மதம் சொல்லிவிட்டாளாம். கதையை வாசித்ததால் சொன்னீரா என்று கேட்டேன். இல்லை, முந்திய வாரமே சொல்லிவிட்டேன், உமக்குச் சொல்லத்தான் நாள் பார்த்தேன் என்றாள்.

பிறகு பிரபாவதியிடம் போனாள், தனியே. என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் சாருகா வீட்டுக்கு வந்திருந்தபோது அவர்கள் இருவரும் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒன்றாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னைக் கண்டு கை காட்டினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

9

பிரபாவதி கேட்டதை எழுத உட்கார்ந்தேன். முந்திய கதையில் வருவது எதுவும் நடக்கவில்லை. இதை எழுதிவிட்டேன், அவள் இதை வாசிக்கிறாள் என்றால், ஓம் தங்கச்சி, அது பொய். அந்த மேல் பொத்தானைத் தவிர எல்லாம் பொய்.

ஆனால் ஒரு வரியில் மறுப்பு எழுதினால் போதாது என்று சாருகா சொன்னாள். பொய்யை அத்தனை விபரமாக எழுதிவிட்டு உண்மையை ஏன் ஒரு வரியில் முடிக்கிறீர் என்று கேட்டாள். “முழுக்க எழுதும். ஆனா இந்தமுறை உமக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதும்.” ஆகவே நீங்கள் வாசிப்பது அந்த இரண்டாம் கதை. அவள் சொன்ன நிபந்தனையால் முடிவு வருவது கடினமாகிவிட்டது. எழுதிப் பார்த்த முடிவுகள் இவை.

நல்ல முடிவு: அவளை விமான நிலையத்தில் முத்தமிட்டு வழியனுப்புகிறான். திரும்பி வரும் ரயிலில் அவன் மனம் — [பொய். லில்லெஸ்ட்ரோம் வருமுன் என் மனம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். மறுபடி வானிலை பார்த்தது.]

கெட்ட முடிவு: ஒன்றரை வருடம் முடிந்தும் அவள் திரும்பவில்லை. [இன்னும் ஒன்றரை வருடம் முடியவில்லை. தெரியாததை எழுதக் கூடாது.]

அருளானந்தன் அண்ணை சொன்ன முடிவு: மண்டபம் எரிந்துவிடுகிறது. [அவருக்கு எதையாவது எரிக்காவிட்டால் கதை முடிந்ததாகத் தோன்றாது.]

10

தெரிந்தது இது.

இந்த மே மாதம் நான் அங்கே போனேன். அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கப் போகிறேன் என்று கடையில் சொல்லி லீவு எடுத்தேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆச்சரியம் கொடுக்கப் போகிறவன் நாலு மணி கழியட்டும் என்று பூங்கா வாசலில் காத்திருக்க மாட்டான்.

நேரான நடைபாதைகள், கத்தரித்த மரங்கள், குதிரை வண்டியில் போகும் சுற்றுலாக்காரர். மண்டபம் ஒரு குளத்துக்கு அப்பால் இருந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது. நான் எழுதியது பெரிய மண்டபம். இதில் பத்துப் பேர் நின்றால் இடிபடுவார்கள். கூரையில் பச்சை பிடித்திருந்தது. பக்கத்துக்கு ஒரு நீள் ஜன்னல்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.

அவள் தரையில் இருந்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். பலகைத் தட்டின் காலில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி இருந்தாள். வேறு யாரும் இல்லை. எட்டுப் பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன், அதையும் செய்தேன். யாரும் இல்லை.

சும்மா இருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கவலையும் இல்லை. ஒருவருக்கும் காட்டுவதற்கென்று வைத்திருக்காத முகம். அவளைத் தூக்கத்தில் பார்த்திருக்கிறேன், காய்ச்சலில் பார்த்திருக்கிறேன், அவள் அப்பா செத்த அன்று பார்த்திருக்கிறேன். இந்த முகத்தை நான் கண்டதில்லை. அங்கே இன்னொருத்தன் இருந்தால்கூட அவனுக்கும் இது கிடைத்திருக்காது.

ஒருமுறை தலையை உயர்த்தி, நேரே நான் நின்ற ஜன்னலைப் பார்த்தாள். நான் அசையவில்லை. அவள் முகம் மாறவுமில்லை. அப்போதுதான் கண்டேன், கண்ணாடியைத் தலைமயிருக்கு மேல் ஏற்றி விட்டிருந்தாள். அவள் பார்வையின் அளவு எனக்குத் தெரியும். நான்தான் சோதித்து எழுதிக் கொடுப்பவன். அந்தத் தூரத்தில் நான் அவளுக்கு ஒரு மரமாகவோ மரத்தின் நிழலாகவோ இருந்திருப்பேன்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பொறாமைதான், வேறொன்றும் இல்லை. யார் மேல் என்று பார்த்தால் உள்ளே இருந்த ஒரே ஆள் அவள்.

தட்டினால் அவள் எழும்பி வருவாள். சந்தோசப்படுவாள் என்றே நினைக்கிறேன். சப்பாத்தைப் போடுவாள், கண்ணாடியை இறக்குவாள், “என்னப்பா, எப்ப வந்தனீர்?” என்று கேட்பாள். அந்த முகம் போய்விடும். தட்டாமல் திரும்பினால் நான் இதைப் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாமல் போகும், எனக்குத் தெரிந்திருக்கும். அப்படித் திரும்புவது அன்பா, இன்னொரு ஒளிவா, என்னால் சொல்ல முடியவில்லை.

என்ன செய்தேன் என்று எழுதி வைத்திருந்தேன். இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். சாருகா இதை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் ஜன்னலில் நின்றேன் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியவரும், அல்லது, நான் தட்டியிருந்தால், ஏற்கனவே தெரிந்திருக்கும். இரண்டில் எது என்பதை அவள்தான் சொல்லலாம். நான் எழுதினால் மறுபடியும் அவளுக்காக நானே எழுதியதாகும்.

ஆகவே இப்போது ஜன்னலில் நிற்பது நீங்கள். கதவு வலப்பக்கம், இரண்டு படி ஏறினால். உள்ளே ஒருத்தி இருக்கிறாள், சந்தோசமாக. தட்டுவதானால் மெல்லத் தட்டுங்கள். பழைய நிறம், உதிரும்.